மாரியில டேட் விழுற பிள்ளைத்தாச்சிமாருக்கு ஒரு மிட்வைஃப் சொல்லுறது

ஒவ்வொரு வருசமும் புரட்டாதி பிறக்க முதல் நான் ரெஜிஸ்டரை எடுத்து வச்சு, ஐப்பசியில இருந்து தை வரைக்கும் பிள்ளை பிறக்கிற டேட் விழுற பிள்ளைத்தாச்சிமார் எல்லாரையும் தனியா ஒரு கொப்பியில எழுதுறனான். பேர் மட்டுமில்லை, வீட்டுக்கும் பெரிய றோட்டுக்கும் நடுவில என்ன கிடக்கு, வாய்க்காலா, குளத்து அலைகரையா, மழைக்கு மேலால தண்ணி பாயிற பாலமா, காட்டுப்பாதையா, வீட்டில மோட்டச்சைக்கிளாவது இருக்கா, மனுசன் ஊரில நிக்கிறாரா கட்டாரில நிக்கிறாரா, இரவில கூப்பிட்டா வரக்கூடிய ஓட்டோக்காரர் ஆர், இது முதல் பிள்ளையா மூண்டாவதா, முந்தினது சீசரா, எல்லாம் அதுக்குள்ள இருக்கும். இது மேலிடத்தில இருந்து வாற படிவமில்லை, நானாத் தொடங்கினது, ஏனெண்டா எங்கட பக்கத்தில வார்டு நிரம்புறதும் றோட்டு மூடுறதும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில வந்து நிக்கிது, அதை முன்கூட்டியே பாத்து வைக்காட்டி பிறகு ஓடித்திரிஞ்சு பிரயோசனமில்லை.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில வேலை செய்யிற குடும்பநல உத்தியோகத்தர். சனம் கூப்பிடுறது மிட்வைஃப் மிஸ் எண்டு. இப்ப இலங்கையில வீட்டில வச்சுப் பெறுற பிள்ளை நூறில ஒண்டு கூட இல்லை, எல்லாம் ஆஸ்பத்திரியில தான். ஆனா அங்க போற வரைக்கும் உள்ள காலமும் பெத்து வீட்டை வந்த பிறகு வாற ஆறு கிழமையும் எங்கட பொறுப்பு. அதால ஒரு மாசத்தில எத்தினை பேர் பெறப்போகினம் எண்டது எனக்கு அவையின்ர வயிறு வெளியில தெரியிறதுக்கு முதலே தெரியும். வார்டில இருக்கிற மிஸ்ஸிமாருக்கு, அதாவது நேர்ஸ்மாருக்கு, அது வாசலுக்கு வந்தாப் பிறகு தான் தெரியும். இந்த ரெண்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளியைப் பற்றித் தான் எழுதோணும் எண்டு கனநாளா நினைச்சுக்கொண்டிருந்தனான்.

முதல்ல ஏன் மாரியில கூடுது எண்டு சொல்லுறன். எங்கட சனத்தின்ர கலியாண மாசங்களைப் பாருங்கோ. மார்கழியில செய்யமாட்டினம், ஆடியில செய்யமாட்டினம், புரட்டாதியும் கனபேர் தவிர்ப்பினம். அப்ப மார்கழி முழுக்க மண்டபம் பூட்டிக்கிடந்து தை பிறந்த உடன ஒண்டுக்குப் பின்னால ஒண்டா எழுத்தும் கலியாணமும் வரும், வேதக்காரருக்கும் தவக்காலம் தொடங்க முதல் முடிக்கோணும் எண்டு அதே தை மாசியில தான் அவசரம். கரு தங்கினதில இருந்து பிள்ளை பிறக்க 38 கிழமை. தையில கலியாணம் முடிச்சு உடன தங்கினா ஐப்பசி, ஒண்டு ரெண்டு மாசம் பிந்தினா கார்த்திகை மார்கழி. எங்கட மழையும் அதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி தான். இதில இன்னொரு விசயம், இப்பிடி மாரிக்குள்ள வாறவையில கனபேர் முதல் பிள்ளைக்காரர். முதல் பிள்ளைக்குப் பேற்று நோ நேரம் கூட, பிறசர் கூடுற பிரச்சினையும் முதல் பிள்ளையில தான் கூட, சீசருக்குப் போற சாத்தியமும் அப்பிடித்தான். அதால எண்ணிக்கையை மட்டும் பாத்தாக் காணாது, ஒவ்வொரு ஆளும் கட்டிலில கிடக்கிற நேரமும் கூடும், ஒரு பத்துப் பேர் கூட வந்தாலும் வார்டுக்கு அது இருபது பேர் மாதிரித் தெரியும்.

வைகாசி ஆனியில கலியாணம் செய்தவையின்ர முதல் பிள்ளை மாசி பங்குனிப் பக்கம் வரும், ஆவணிக் கலியாணம் எண்டா வைகாசி. ஆடியில புதுப்பொம்பிளை மாப்பிள்ளையைப் பிரிச்சு வைக்கிற வழக்கம் முந்தி இருந்தது, ஆடியில தங்கினா சித்திரை வெயிலில பிள்ளை பிறக்கும் எண்டு. இப்ப எங்கட பக்கம் ஆரும் அதைப் பெரிசாப் பாக்கிறேல்லை, ஆனா ஏசி இல்லாத, கரண்ட் இல்லாத காலத்தில சித்திரை வெக்கைக்குள்ள பெத்த தாயையும் பச்சைப்பிள்ளையையும் பாத்தவை தான் அதைச் சொல்லியிருப்பினம் எண்டு நான் நம்புறன்.

கலியாணம் ஒரு பக்கம், வேலையும் காசும் இன்னொரு பக்கம். எங்கட வன்னியில பெரும்போக வெட்டு முடிஞ்சு மாசி பங்குனியில தான் கையில கொஞ்சம் காசு இருக்கும், வீட்டில ஆக்கள் நிப்பினம், வெளியில போன பெடியங்களும் திரும்பி வருவினம். கடற்கரைப் பக்கம் தொழில் பருவத்துக்குத் தக்கபடி ஆக்கள் மீன்பிடி வாடிக்குப் போறதும் வாறதும். வெளிநாட்டில நிக்கிற மனுசன்மார் லீவில வாறதும் ஒரே மாதிரியான மாசங்களில தான், வருசக்கடைசி அல்லது சித்திரை வருசம், சிலபேர் வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்டு வைகாசியில வருவினம். கிளினிக்கில புதுசாப் பதிய வாறவையிட்ட கடைசி மாதவிலக்குத் திகதியைக் கேட்டு எழுதேக்க இந்த லீவுகளும் திருவிழாக்களும் அப்பிடியே வரிசையா வந்து நிக்கிறதை நான் ஒவ்வொரு வருசமும் காணுறன்.

இது எங்கட ஊரில மட்டும் இல்லை. இங்கிலாந்தில வருசத்தில ஆகக்கூடப் பிள்ளை பிறக்கிறது செப்டெம்பர் கடைசிப் பக்கம், அதாவது நத்தார் விடுமுறையில இருந்து ஒன்பது மாசம் எண்ணினா வாற இடம், லண்டனில இருக்கிற எங்கட சொந்தங்களும் அங்க உள்ள வார்டில அதைத்தான் கண்டிருப்பினம். பூமியின்ர வட பாதியில குளிர்நாடுகளில கோடைப் பக்கம் உச்சம் வாறதும், கீழ பூமத்திய ரேகைப் பக்கம் வர வர அந்த உச்சம் வருசக்கடைசியை நோக்கிப் பிந்திறதும் பல நாட்டுத் தரவுகளில கண்டிருக்கினம். வெக்கைக்கும் இதில பங்கு இருக்கு, அமெரிக்காவில பல வருசப் பிறப்புகளை வச்சுப் பாத்ததில கடும் வெக்கை நாளுகளுக்கு 8 தொடக்கம் 10 மாசத்துக்குப் பிறகு பிறப்புக் குறையிறது தெரிஞ்சிருக்கு. எங்கட வைகாசி ஆனி வெக்கையில, கச்சான் காத்து அடிக்கிற காலத்தில ஆருக்கும் ஒண்டும் வேண்டாம் எண்டிருக்கும், அது எனக்கு விளங்காத விசயமில்லை.

சரி, அப்ப கொப்பியைப் பாத்தா எல்லாம் முன்கூட்டியே தெரியும் தானே எண்டு நினைக்காதேங்கோ. மாசக்கணக்கு தெரியும், நாள்க்கணக்கு தெரியாது. இதை ஒரு ட்ரெயினிங்கில டொக்டர் ஒருத்தர் போர்டில எழுதிக் காட்டினவர், அண்டைக்குத் தான் எனக்குப் பல விசயம் தெளிஞ்சது. ஒரு ஆஸ்பத்திரியில நாளுக்கு சராசரி 4 பிள்ளை பிறக்குது எண்டு வையுங்கோ. ஒரு பருவமும் இல்லை, ஒரு கூடுதல் குறைச்சலும் இல்லை, வெறும் தற்செயல் மட்டும் எண்டாலும் வருசத்தில ஆறேழு நாள் ஒரு பிள்ளையும் பிறக்காது, பதினெட்டு நாள் போல 8 பிள்ளையோ அதுக்கு மேலயோ பிறக்கும். முதல் மழை விழேக்க முத்தத்தைப் பாருங்கோ, துளி சமனா விழாது, ஒரு இடத்தில நாலு ஒண்டா விழுந்திருக்கும் பக்கத்தில மண் காய்ஞ்சு கிடக்கும், அது மாதிரித் தான். அதால சராசரிக்கு ஏத்த மாதிரி கட்டிலும் ஆக்களும் போட்டு வச்சா சின்ன ஆஸ்பத்திரி கட்டாயம் அடிக்கடி முட்டுப்படும். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில நாளுக்கு நாப்பது ஐம்பது எண்டா இந்த ஏற்ற இறக்கம் ஓரளவு சமப்பட்டுப் போகும். எங்கட மாதிரி இடத்தில தான் ஒரு நாள் லேபர் ரூம் வெறிச்சோடிக் கிடக்கும், அடுத்த நாள் மூண்டு பேர் ஒரே நேரம் முக்கிக்கொண்டு இருப்பினம்.

பறுவத்துக்கு, அதாவது முழுநிலா நாளில, பிள்ளை கூடப் பிறக்கும் எண்டு எங்கட ஆக்களும் சொல்லுவினம், சிங்கள மிஸ்ஸிமாரும் சொல்லுவினம். அமெரிக்காவில வட கரோலினாவில 5 லட்சத்து 64 ஆயிரத்துச் சொச்சம் பிறப்பை நிலாவின்ர நிலையோட வச்சுப் பாத்திருக்கினம், ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனா அந்த மிஸ்ஸிமார் பொய் சொல்லேல்லை, அவைக்கு அண்டைக்கு வேலை கூட தான். பறுவம் எண்டா போயா லீவு. வேலைக்கு நிக்கிற ஆக்கள் குறைவு, கிளினிக் இல்லை, பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில டொக்டர் லீவில போயிருந்தா அங்க இருந்தும் ஏத்தி அனுப்பிவிடுவினம். பிள்ளை அதே நாலு தான், பாக்கிற கை பாதி. சித்திரை வருசத்துக்கும் நத்தாருக்கும் இதே கதை தான், ஏனெண்டா வன்னியில வேலை செய்யிற டொக்டர்மார் நேர்ஸ்மாரில கனபேர் வேற மாவட்டத்து ஆக்கள், பெருநாளெண்டா அவைக்கும் வீட்டை போகத்தானே வேணும். அதால வார்டு நிரம்பி வழியுது எண்டதை பிள்ளையளின்ர எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்கிறேல்லை.

இன்னொண்டும் கேக்கினம். நாட்டில பிறப்புக் குறைஞ்சு போச்சு தானே, 2019ல 3 லட்சத்துக்கு மேல பிறந்தது 2023ல 2 லட்சத்து 50 ஆயிரத்துக்குக் கீழ வந்திட்டுது, அப்ப ஏன் இன்னும் கட்டில் இல்லை எண்டு. காரணம் என்னெண்டா பக்கத்தில இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளில பெற இப்ப ஆரும் விரும்புறேல்லை, வி.ஓ.ஜி எண்ட மகப்பேற்று நிபுணர் இருக்கிற இடம், சீசர் செய்யக்கூடிய இடம், பீபியூ எண்ட குறைமாசப் பிள்ளையளைப் பாக்கிற பகுதி இருக்கிற இடம் வேணும் எண்டு எல்லாரும் முல்லைத்தீவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற மாஞ்சோலைக்கோ கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ தான் வருவினம், நாங்களும் கொஞ்சம் பயமான கேஸெண்டா அங்க தான் போகச்சொல்லுவம். 2022க்குப் பிறகு டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் கனபேர் வெளிநாடு போட்டினம். மயக்கமருந்து டொக்டர் ஒருத்தர் லீவெண்டா ஒரு முழு ஆஸ்பத்திரியின்ர சீசர் கேஸும் அம்புலன்ஸில ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போகும். ஒரு மார்கழியில நான் கூட்டிக்கொண்டு போன பிள்ளைத்தாச்சியை, எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்லை, கட்டிலில ரெண்டு பேராப் படுக்க வச்சிருந்தவை, மற்றவை பாயோட நிலத்தில, அந்த மிஸ்ஸி ரெண்டு நேர வேலையை ஒண்டாச் செய்து கால் வீங்கிப்போய் நிண்டவ. அவவில எனக்குக் கோவம் வரேல்லை. புரட்டாதியிலயே தெரிஞ்ச எண்ணிக்கை ஏன் மார்கழி வரைக்கும் ஆரின்ர மேசையிலயும் போய்ச் சேரேல்லை எண்டு தான் எனக்கு ஆத்திரம்.

இப்ப றோட்டுக்கு வாறன், வன்னியில இது தான் பெரிய விசயம். 2018 டிசம்பர் 21, 22ல பெய்த மழையும் இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்ததும் கிளிநொச்சி முல்லைத்தீவு ஆக்கள் ஒருத்தரும் மறக்கமாட்டினம், ஒரு இரவுக்குள்ள ஊர் ஊரா வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தபோதும் பாதைகள் அறுபட்டது. இப்பிடிப் பேர் வச்ச புயல் வந்தாத் தான் எண்டில்லை, சாதாரண கார்த்திகை மழைக்கே குளம் வான் பாஞ்சா உள்ளுக்கு இருக்கிற ஊருகள் ஒரு நாள் ரெண்டு நாள் தனிச்சுப் போகும். முத்தையன்கட்டுப் பக்கம், கொக்குத்தொடுவாய் கொக்கிளாய்ப் பக்கம், அங்கால துணுக்காய் பாண்டியன்குளம், நட்டாங்கண்டல் எல்லாம் இந்தச் சிக்கல் தெரிஞ்ச இடங்கள்.

ஒரு பிள்ளைத்தாச்சி, முதல் பேறு, 38 கிழமை, வீடு வாய்க்காலுக்கு அங்கால. மழை இருட்டிக்கொண்டு வருது. நான் போய், அக்கா வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்குத் தானே, நாளைக்கே அங்க போய் நில்லுங்கோ எண்டன். மாமியார் வெளியில வந்து, "மிஸ், டேட்டுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடக்கு, இப்பவே போய் மருமோள் அவையளுக்குப் பாரமா இருக்கிறதே" எண்டா. "அம்மா, பாலத்துக்கு மேல தண்ணி வந்தாப் பிறகு என்னட்ட போன் எடுத்தா நானும் இக்கரையில நிண்டு அழத்தான் வேணும்" எண்டன். அந்த மனுசி கொஞ்சநேரம் பேசாம நிண்டிட்டு, தன்ர காலத்தில, போர் முடிய சனத்தை வச்சிருந்த செட்டிகுளம் முகாமில தன்ர கடைசியைப் பெத்த கதையைச் சொன்னா, தண்ணி லைன், தகரம், வெக்கை எல்லாம். பிறகு தானே பையை அடுக்கிக் குடுத்தா. அடுத்த கிழமை பாலம் மூடினது. மருமோள் அக்கா வீட்டில இருந்து போய் ஆஸ்பத்திரியில சுகமாப் பெத்தா. எல்லாக் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அக்கா இருக்காது தான். இல்லாட்டி எங்களிட்டச் சொல்லுங்கோ, மழை எச்சரிக்கை வந்தா டேட் கிட்டின ஆக்களை எம்.ஓ.எச் எண்ட சுகாதார வைத்திய அதிகாரி மூலமாக் கதைச்சு முன்னமே வார்டில சேர்க்கிறது நடக்கிற காரியம், அதுக்கு நாங்கள் கேக்கோணும், கேக்கிறதுக்கு எங்களுக்கு உங்கட நிலைமை தெரியோணும்.

டேட் எண்டதைப் பற்றி ஒரு சொல். கடைசி மாதவிலக்கின்ர முதல் நாளில இருந்து 280 நாள் எண்ணி வாறது தான் அந்தத் திகதி. அந்தத் திகதியிலயே பிறக்கிற பிள்ளை நூறில நாலோ அஞ்சோ தான். 37 கிழமை முடிஞ்சா எந்த நாளும் வரலாம், 41 வரைக்கும் இழுக்கலாம். எங்கட ஆக்கள் கார்ட்டில இருக்கிற திகதியை பஸ் வெளிக்கிடுற நேரம் எண்டு நினைச்சு அதுக்கு முதல் நாள் தான் பை அடுக்க வெளிக்கிடினம். மாரியில டேட் இருந்தா 36 கிழமையிலயே பை கட்டி வச்சிருக்கோணும். மூண்டு மாசத்துக்குள்ள எடுக்கிற முதல் ஸ்கான் தான் திகதியைச் சரியாச் சொல்லும், பிறகு எடுக்கிற ஸ்கானில வேற வேற திகதி வந்தா அதைப் பாத்துக் குழம்பாதேங்கோ. மாதவிலக்குத் திகதியை ஒரு கலண்டரில வட்டம் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா எங்களுக்குப் பாதி வேலை குறையும்.

நோ இரவில தான் கூடத் தொடங்கும், இது அனுபவம் மட்டுமில்லை, இங்கிலாந்தில 2005க்கும் 2014க்கும் இடையில பிறந்த 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளையளைப் பாத்ததில தானா நோ வந்து பிறக்கிறவை விடியப்புறம் 4 மணியை ஒட்டித்தான் ஆகக்கூட, மொத்தப் பிறப்பில நூறுக்கு 70க்கு மேல வேலைநாள் வேலைநேரத்துக்கு வெளிய. இதை வன்னிக்குப் பொருத்திப் பாருங்கோ. இரவு, மழை, கரண்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கமெண்டா றோட்டில யானை. அதால தூர இருக்கிறவை புத்தகத்தில எழுதின மாதிரி அஞ்சு நிமிசத்துக்கு ஒரு நோ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, பின்னேரம் ஒழுங்கா நோ வரத் தொடங்கினா வெளிச்சத்தோடயே வெளிக்கிடுங்கோ. தண்ணீர்க்குடம் உடைஞ்சா, ரத்தம் பட்டா, தலையிடியோட கண் மங்கினா, காய்ச்சல் காய்ஞ்சா, நேரத்தைப் பாக்கவே வேண்டாம், உடன. பிள்ளை துடிக்கிறதை ஒவ்வொரு நாளும் எண்ணோணும், காலமை 9 மணிக்குத் தொடங்கினா இரவு 9 மணிக்குள்ள 10 தரம் துடிக்கோணும், குறைஞ்சா நாளைக்குக் கிளினிக்கில காட்டுவம் எண்டு விடாம அண்டைக்கே வார்டுக்குப் போங்கோ. வார்டு நிரம்பிக் கிடக்கும் மிஸ்ஸி ஏசுவா எண்டு பயந்து வீட்டில இருந்தவையை நான் கண்டிருக்கிறன், ஏச்சு ஒண்டும் செய்யாது பிள்ளையள், போங்கோ.

வாகனத்துக்கு ஒண்டை மட்டும் நம்பவேண்டாம். 1990க்கு அடிச்சா அம்புலன்ஸ் இலவசமா வரும், நல்ல சேவை, ஆனா மழை இரவில அது வேற கேஸுக்குப் போயிருக்கலாம், உங்கட ஒழுங்கைக்குள்ள ஏறாமலும் விடலாம். அப்ப வீட்டில இருந்து பெரிய றோட்டு வரைக்கும் கொண்டுபோற வழி உங்கட பொறுப்பு. ஓட்டோக்காரர் ரெண்டு பேர், ட்ராக்டர் வச்சிருக்கிற ஒரு அயலார், இவையோட முதலே கதைச்சு வையுங்கோ. 2022ல பெற்றோல் இல்லாம லைனில நிண்ட காலத்தில எங்கட ஊரில ஓட்டோக்காரர் சிலர் பிள்ளைத்தாச்சிக்கு எண்டு ஒரு போத்தில் பெற்றோல் ஒதுக்கி வச்சவை, அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு. பைக்குள்ள கர்ப்பிணிக் கார்ட்டும் அடையாள அட்டையும் பொலித்தீனுக்குள்ள போட்டு, தோய்ச்சுக் காயவச்ச பழைய பருத்திச் சீலைத்துண்டு தாராளமா, பாட், பிள்ளைக்குத் தொப்பியும் சொக்ஸும், ஒரு பெட்ஷீட் கூட, டோர்ச், சார்ஜர், சுடுதண்ணிப் போத்தில். வார்டு நிரம்பின நாளில பெட்ஷீட் கிடைக்காது, மாரியில தோய்ச்சது காயவும் மாட்டுது, அதால துணி வழமையை விட ரெண்டு பங்கு வேணும்.

மழையோட வருத்தமும் வரும். கார்த்திகை தொடங்கி மாசி வரைக்கும் டெங்குக் காலம், பிள்ளைத்தாச்சிக்குக் காய்ச்சல் எண்டா முதல் நாளே ஆஸ்பத்திரி, பனடோல் தவிர வேற நோவுக் குளிசை ஒண்டும் போடக்கூடாது. எலிக்காய்ச்சலுக்கு எண்டு வயலில இறங்கிறவைக்கு முன்கூட்டியே குடுக்கிற டொக்ஸிசைக்ளின் குளிசையை வீட்டில இருக்கு எண்டு வயித்தில பிள்ளையோட இருக்கிறவை எடுத்துப் போடக்கூடாது, கேட்டுத்தான் எதுவும். மனுசன் வயலுக்குப் போறவர் எண்டா அவர் குடிக்கட்டும், நீங்கள் காய்ச்சல் வந்தா வயல் தண்ணியில கால் வச்சனீங்களா எண்டதை டொக்டருக்குச் சொல்லுங்கோ.

கோடைக்காரருக்கும் ஒரு கவனம். சித்திரையில இருந்து ஆவணி வரைக்கும் வார்டில படுக்கிறவையில கனபேர் பெற வந்தவை இல்லை, தண்ணி காணாம சலக்கடுப்பு, காய்ச்சல், அதால நேரத்துக்கு முதல் நோ. கிணத்துத் தண்ணி உவர்ப்பு எண்டு குடிக்கிறதைக் குறைக்கிறவை, வேலைக்குப் போற இடத்தில கக்கூஸ் இல்லை எண்டு சலத்தை அடக்கிறவை, ரெண்டும் ஆபத்து.

நல்ல நேரம் பாத்து சீசர் கேக்கிறதைப் பற்றியும் நான் சொல்லத்தான் போறன், ஆர் கோவிச்சாலும். நட்சத்திரம் பாத்து நாள் குறிச்சுக்கொண்டு வருவினம், சித்திரையில பிறந்தாக் கூடாது பங்குனிக்குள்ள எடுங்கோ எண்டு கேப்பினம். இப்ப புதுசா இன்னொண்டு, முதலாம் வகுப்புக்குச் சேர்க்க ஜனவரி 31க்கு 5 வயசு முடிஞ்சிருக்கோணும் எண்டதால, பெப்ரவரி முதல் கிழமையில டேட் இருக்கிறவை ஜனவரிக்குள்ள எடுத்துவிடேலாதா எண்டு கேக்கினம். 39 கிழமைக்கு முதல் காரணம் இல்லாம எடுக்கிற பிள்ளைக்கு மூச்சுக் கஷ்டம் வாற சாத்தியம் கூட, பிறகு நல்ல நேரத்தில பிறந்த பிள்ளை பீபியூவில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கும், தாய் வெளியில நிண்டு பாப்பா. அதோட அந்தத் தியேட்டரும் அந்தக் கட்டிலும் அண்டைக்கு உண்மையா அவசரமா வாற இன்னொரு தாய்க்குத் தேவைப்படும். ஒரு வருசம் பிந்திப் பள்ளிக்கூடம் போனாப் பிள்ளைக்கு ஒண்டும் கெட்டுப்போகாது.

வார்டு முட்டின காலத்தில சுகப்பேறு எண்டா கெதியில துண்டு வெட்டி அனுப்பிவிடுவினம். வீட்டை வந்த அண்டைக்கே எனக்கு, அல்லது உங்கட பகுதி மிஸ்ஸுக்கு, போன் எடுங்கோ. முதல் பத்து நாளைக்குள்ள ரெண்டு தரம் நாங்கள் வந்து பாக்கோணும், வந்தது தெரியாட்டி எப்பிடி வாறது. மாரியில பிள்ளை குளிர்ந்து போறது கெதி, அதால ஈரத்துணி உடன மாத்தி, தாயின்ர நெஞ்சோட நெஞ்சா வச்சு மேலால போர்த்துங்கோ, அந்தச் சூடு போதும், நெருப்புச் சட்டி வைக்கவேண்டாம். வெயில் இல்லை, பிள்ளையை வெயிலில காட்டேலாது, மஞ்சள் கூடப்போகுது எண்டு அழுவினம். வெயிலில காட்டுறது மஞ்சளுக்கு வைத்தியம் இல்லை, பால் ஒழுங்காக் குடிக்குதா, சலம் போகுதா எண்டு பாருங்கோ, பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிஞ்சா, அல்லது உள்ளங்கை உள்ளங்காலுக்கு வந்தா, பால் குடிக்காம நித்திரையாக் கிடந்தா, மழையோ வெள்ளமோ பாக்காம கொண்டுபோங்கோ.

கடைசியா, மாரியில பிறக்காத மாதிரிப் பாத்துப் பெறலாமா எண்டு கிளினிக்கில பிள்ளையள் கேக்கிறவை. ரெண்டாவது மூண்டாவதுக்கு இடைவெளி விட்டுத் திட்டம் போடுறவை, வீடு தூர இருந்தா, அதையும் கணக்கில எடுக்கலாம், தப்பில்லை, தை மாசி பங்குனியிலயும் ஆடியிலயும் தங்காமப் பாத்தா பேறு மழைக்குள்ள வராது, சித்திரை வெயிலுக்குள்ளயும் வராது. ஆனா 35 வயசு தாண்டினவை, கனகாலமாப் பிள்ளைக்குக் காத்திருக்கிறவை, பருவத்தைப் பாத்து ஒரு மாசத்தையும் விடவேண்டாம். தையில கலியாணம் முடிக்கிறவைக்கு நான் சொல்லுறது, எழுத்து முடிஞ்ச கையோட, ஏலுமெண்டா அதுக்கும் முதல், எம்.ஓ.எச் ஒபீஸுக்கு ரெண்டு பேரும் வாங்கோ, புதுமணத் தம்பதிகளுக்கு எண்டு தனியாக் கிளினிக் இருக்கு, ரத்தம் பாப்பம், நிறை பாப்பம், றூபெல்லா ஊசி போட்டதா எண்டு பாப்பம், போலிக் அசிட் குளிசை தருவம், அது கரு தங்க முதலே தொடங்கினாத் தான் முழுப் பிரயோசனம். வரேக்க வீடு எங்க, வாய்க்காலுக்கு இங்காலயா அங்காலயா எண்டதையும் சொல்லிப்போட்டுப் போங்கோ.